ஆன்டிபயாடிக்கும் கர்ப்பகால ஹார்மோனும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு ஏழாம் மாதம். சிறுநீர்த் தொற்றுக்கு அமாக்சிசிலின் கொடுத்திருக்கிறார்கள். குடல் பாக்டீரியா அழிந்தால் ஈஸ்ட்ரோஜன் குறையும், குழந்தைக்கு ஆபத்து என்று வாட்ஸப்பில் படித்தேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா? புரோபயாடிக் சாப்பிட்டால் சரியாகுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நிறுத்தாதீர்கள். அந்தச் செய்தியில் பாதி உண்மை, அதனால்தான் பயமுறுத்துகிறது.

கர்ப்பத்தில் மிகுதியாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் வகை எஸ்ட்ரியோல். குழந்தையின் அட்ரினல் சுரப்பியும் கல்லீரலும் மூலப்பொருளைத் தர, நஞ்சுக்கொடி அதை எஸ்ட்ரியோலாக்குகிறது. தாயின் கல்லீரல் அதோடு குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ பிணைத்து, ஒரு பகுதியைப் பித்தநீர் வழியே குடலுக்கு அனுப்புகிறது. பிணைந்த நிலையில் அதைக் குடல் எளிதில் உறிஞ்சாது. பாக்டீரியாவின் பீட்டா குளுக்குரோனிடேஸ் போன்ற நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டினால்தான் ஹார்மோன் மறுபடி ரத்தத்துக்குள் வரும். பிறகு சிறுநீரில் போகும்.

ஆன்டிபயாடிக் இந்த வெட்டும் வேலையைக் குறைக்கிறது. பிணைந்த ஹார்மோன் மலத்தோடு போய்விடுகிறது. குழந்தையின் நலத்தைத் தாயின் சிறுநீர் எஸ்ட்ரியோலை வைத்துக் கணித்த 1970களில், ஆம்பிசிலின் (உங்கள் அமாக்சிசிலினின் நெருங்கிய உறவு) எடுத்த தாய்மாரிடம் அந்த அளவு சரிந்தது. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தவறாகப் படிக்க அது போதும். உண்மையில் குறைந்தது மறுசுழற்சி. நஞ்சுக்கொடியின் உற்பத்தி அல்ல. அந்தச் சோதனையே இன்று வழக்கொழிந்துவிட்டது.

இதைவிடச் சுவாரசியமானது 2024இல் வெளியான ஓர் ஆய்வு. கார்டோனிபாக்டர் பமேலயே, எகர்தெல்லா லென்டா என்ற இரு குடல் பாக்டீரியாக்கள், பித்தநீரில் வரும் கார்ட்டிகாய்டு ஸ்டீராய்டுகளின் (அட்ரினல் சுரப்பி தரும் ஹார்மோன் வகை) 21ஆம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் என்ற அணுத்தொகுதியை நீக்கி, புரோஜெஸ்டின் வகைப் பொருள்களாக (கர்ப்ப ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் உறவுகள்) மாற்றுகின்றன. பிற பாக்டீரியாக்கள் விடும் ஹைட்ரஜன் வாயு அதற்கு உதவுகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மலத்தில் இப்பொருள்கள் பல மடங்கு அதிகம். அவற்றில் ஒன்றான அல்லோபிரெக்னனோலோன், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு மருந்தாக 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் மலத்தில் இருப்பதால் மட்டும் அது தாயின் மனநிலையை மாற்றுகிறது என்று ஆகிவிடாது. இங்கேதான் பலரும் முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள்.

புரோபயாடிக் மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பவை லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் என்ற பாக்டீரியாக்கள். மேலே சொன்ன இரண்டும் அவற்றில் கிடையாது. ஹார்மோனுக்காக வாங்க வேண்டியதில்லை.

சிகிச்சை பெறாத சிறுநீர்த் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறலாம். குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். சொன்ன நாள்வரை மாத்திரையை முடியுங்கள். முடித்து ஓரிரு வாரத்தில் சிறுநீர் கல்ச்சர் (கிருமி இன்னும் இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இடையில் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி வந்தாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.