குளியலறையில் மட்டும் தனிமை

அன்புள்ள ஐயா,

டோக்கியோவில் நிஷி காசாய் பகுதியில் மனைவியுடன் வசிக்கிறேன். மென்பொருள் வேலை. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டு மணி அடித்தது. மனைவி மட்டும் இருந்தாள். வெள்ளைச் சட்டை, டை, சட்டைப்பையில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு அமெரிக்கப் பையன்கள். "அவர் இப்போது வந்துவிடுவார், உள்ளே உட்காருங்கள்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். வீட்டில் ஆண்கள் யாரும் இல்லாதபோது உள்ளே வர மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் மாலை திரும்ப வந்தார்கள். மார்மன் சபை மிஷனரிகளாம். ஒருவனுக்கு 19 வயது, இன்னொருவனுக்கு 20. ஏலக்காய் தட்டிப்போட்டு டீ கொடுத்தோம். இருவரும் தொடவில்லை. மனைவியின் முகம் வாடிவிட்டது. ஆனால் நாங்கள் இடம் மாற்ற நினைத்திருந்த அலமாரியைக் கேட்காமலேயே தூக்கி வைத்தார்கள். ஒருவன் எழுந்து பால்கனிக்குப் போனால் மற்றவனும் பின்னாலேயே போய் நின்றான். அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

என் தம்பிக்கும் 19 வயதுதான். கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை அவனைப் பதினோரு மணிக்கு முன்னால் எழுப்ப முடியாது. இந்த வயதில் ஒருவன் வீட்டை விட்டு, மொழி தெரியாத ஊரில் கதவு கதவாகத் தட்டுவது பக்தியா, விற்பனைப் பயிற்சியா? இவர்களுக்குச் சம்பளம் என்ன கொடுப்பார்கள்? நண்பர்கள் ஒரே வார்த்தையில் மூளைச்சலவை என்கிறார்கள். மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கதவைத் திறக்கலாமா?

ரா.,
டோக்கியோ

அன்புள்ள ரா.,

முதலில் டீ விவகாரத்தை முடித்துவிடுவோம். உங்கள் மனைவியின் கைப்பக்குவத்தில் குறையில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அந்தச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833-இல் தமக்கு அருளப்பட்டதாகச் சொன்ன உணவு விதி ஒன்று உண்டு. மது, புகையிலையோடு 'சூடான பானங்களும்' அதில் விலக்கப்பட்டிருக்கின்றன. சூடான பானங்கள் என்றால் டீயும் காபியும் என்று சபை பொருள் கொண்டது. ஆகவே ஐஸ் போட்ட டீயும் கூடாது, ஜப்பானின் பச்சைத் தேநீரும் கூடாது. டீக் கோப்பையோடு உறவு தொடங்கும் நாட்டில் இதைக் கடைப்பிடிப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். வறுத்த பார்லியில் போடும் முகிச்சா மட்டும் தேயிலை இல்லை என்பதால் தப்பித்துக்கொண்டது. நம் ரசத்தைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாலும் விதியில் தடையில்லை. மிளகுக் காரத்தை அவர்கள் தாங்குவார்களா என்பது வேறு விஷயம்.

அடுத்து சம்பளம். ஒரு காசு கிடையாது. இந்தப் பையன்கள்தான் பணம் கட்டுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து போகிறவர் எந்த நாட்டுக்குப் போனாலும் மாதம் 400 டாலர் என்று நெடுங்காலம் இருந்தது. 2020 ஜூலையிலிருந்து 500 டாலர். ஆண்களுக்கு ஊழியக் காலம் இரண்டு ஆண்டு, ஆகவே ஏறத்தாழ 12,000 டாலர். பள்ளிக் காலத்திலேயே பகுதிநேர வேலை பார்த்து இதற்கென்று சேர்க்கிறவர்கள் உண்டு, பெற்றோர் கட்டுவதும் உண்டு. பெண்கள் 18 மாதம் போகிறார்கள். எந்த நாடு என்று விண்ணப்பித்தவர் தேர்ந்தெடுக்க முடியாது. தலைமையிடமான சால்ட் லேக் சிட்டியிலிருந்து அழைப்பு வரும், சுற்றமும் நட்பும் கூடியிருக்க அதைத் திறந்து படிப்பார்கள். ஜப்பான் என்று வந்தால் ஜப்பான், பராகுவே என்று வந்தால் பராகுவே. அது கடவுள் குறித்த இடம் என்பது நம்பிக்கை. பிறகு பயிற்சி மையத்தில் சில வாரம் மொழி கற்றுக்கொண்டு விமானம் ஏறிவிட வேண்டியதுதான். இன்று உலகெங்கும் 70,000-க்கும் மேற்பட்டோர் இப்படி ஊழியத்தில் இருக்கிறார்கள்.

மார்மன் என்று நானும் எழுதிக்கொண்டு போகிறேன். அந்தப் பெயர் வேண்டாம், சபையின் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று 2018-இல் அப்போதைய தலைவர் ரஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. உங்கள் வீட்டுக்கு வந்தவர்களிடம் இதைச் சொன்னால் மகிழ்வார்கள்.

நீங்கள் விசித்திரம் என்று எழுதிய பால்கனி விஷயத்தில்தான் உங்கள் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என்னோடு முன்பு வேலை செய்த ஒருவர் சபையின் தலைமையிடம் இருக்கும் யூட்டா மாநிலத்தில் பிறந்து, ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் ஊழியம் செய்து திரும்பியவர். அவருடைய நாள் இப்படி இருந்தது. காலை 6:30-க்கு எழுந்தாக வேண்டும். எழுந்ததும் மண்டியிட்டு ஜெபம். அரைமணி உடற்பயிற்சி. குளியல், சிற்றுண்டி. பிறகு தனியாக வேத வாசிப்பு, துணையோடு சேர்ந்து வாசிப்பு, மொழிப் பாடம். அதன் பிறகு தெரு. இரவு ஒன்பது வாக்கில் அறைக்குத் திரும்பி, மறுநாளைக்குத் திட்டம் எழுதி, 10:30-க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். தொலைக்காட்சி இல்லை, காதல் இல்லை. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள், துணி துவைக்கவும் முடி வெட்டிக்கொள்ளவும் வீட்டுக்கு மின்னஞ்சல் எழுதவும். அவர் காலத்தில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டே நாள்தான் அனுமதி, கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். 2019 பிப்ரவரியிலிருந்துதான் வாரம் ஒருமுறை பேசலாம் என்று ஆனது. மாதத்தில் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம், அந்தச் சாப்பாட்டுச் செலவு ஏழைகளுக்கு.

இதில் எதுவும் அவருக்குக் கடினமாக இருக்கவில்லையாம். ஹொக்கைடோவின் பனிக்காலத்தில் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு முழங்கால் பனியில் நடந்ததுகூட. கடினம் என்று அவர் சொன்னது ஒன்றைத்தான். இரண்டு ஆண்டும் ஒரு நாள்கூட அவர் தனியாக இருந்ததில்லை. துணை ஊழியர் எப்போதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரே அறையில் தூங்க வேண்டும். அந்தத் துணை யார் என்பதையும் நீங்கள் முடிவு செய்ய முடியாது. மிஷன் தலைவர் ஜோடி சேர்ப்பார், சில மாதங்களில் பிரித்து வேறொருவரோடு வேறோர் ஊருக்கு அனுப்புவார். குறட்டை விடுகிறவர், கோபக்காரர், சபை சொல்வதில் பாதியைக்கூட நம்பாமல் பெற்றோருக்காக வந்தவர், யாராக இருந்தாலும் சரி. "குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்பேன். வாரத்தில் எனக்குக் கிடைத்த தனிமை அவ்வளவுதான்" என்றார். சொல்லும்போது சிரித்தார். துணையாள் கதவைத் தட்டி, நீ நலமா என்று கேட்பானாம்.

விதிக்கு வேத ஆதாரம் இருக்கிறது. இயேசு பன்னிரண்டு சீடர்களையும் இருவர் இருவராக அனுப்பினார் என்கிறது மாற்கு சுவிசேஷம். நடைமுறைக் காரணமும் இருக்கிறது. அந்நிய ஊரில் பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஆபத்து வரக்கூடாது, அவனால் பிறருக்கும் வரக்கூடாது. உங்கள் மனைவி தனியாக இருந்தபோது வாசலோடு நின்றார்களே, அதுவும் இதே ஒழுங்கின் பகுதி. இதையெல்லாம் நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் நம் பக்கத்தில் கடவுளைத் தேடுகிறவன் முதலில் செய்யும் காரியம் கூட்டத்தை விட்டு விலகுவது. 1896-இல் பதினாறு வயது வேங்கடராமன் ஒரு சீட்டு எழுதிவைத்துவிட்டு மதுரையிலிருந்து தன்னந்தனியாகத் திருவண்ணாமலைக்குப் போனான், போய் வாயையும் மூடிக்கொண்டான். ரமணரின் வழி அது. இந்தச் சபையின் வழி நேர்மாறு. விலகாதே, ஓயாமல் பேசு. 1982-இல் சபைத் தலைவர்களில் ஒருவரான பாய்ட் பாக்கர், விசுவாசத்தின் சாட்சி அதைப் பிறருக்குச் சொல்லும்போதுதான் கிடைக்கிறது என்ற பொருளில் பேசினார். நம்பிக்கை நிறைந்த பிறகு வாய் திறப்பதில்லை, வாய் திறக்கத் திறக்க நம்பிக்கை ஊறுகிறது. இவர்களுடைய வேதநூலான மார்மன் புத்தகத்தின் கடைசியில் மொரோனி என்ற தீர்க்கதரிசி வாசகருக்கு ஒரு வாக்குறுதி தருகிறார். படி, உண்மையா என்று கடவுளிடமே கேள், பரிசுத்த ஆவி உனக்கு உணர்த்தும் என்று. மிஷனரி இதை ஒவ்வொரு வாசலிலும் சொல்கிறான். ஒரு நாளில் பல தடவை சொல்கிறான். கேட்கிறவர் கதவைச் சாத்தலாம். சொல்கிறவனின் காதுக்கு மட்டும் அது ஒருமுறைகூடத் தவறுவதில்லை, ரா. பக்தியா, பயிற்சியா என்று கேட்டீர்கள். இந்த ஏற்பாட்டில் இரண்டையும் பிரிக்க முடியாது. பயிற்சி வழியாகத்தான் பக்தி உள்ளே போகிறது.

இதை மூளைச்சலவை என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். நான் சொல்ல மாட்டேன். தெரிந்தே, காசு கட்டி, போனவர்கள் இவர்கள். இடையில் விட்டுத் திரும்பவும் முடியும், திரும்புகிறவர்களும் உண்டு. ஆனால் திரும்பினால் ஊர் எப்படிப் பார்க்கும் என்பதில்தான் சங்கடம். ஊழியம் முடித்து வந்த பையனுக்கு யூட்டாவில், நம்மூரில் அமெரிக்க மாப்பிள்ளைக்கு இருந்த மவுசு. பாதியில் வந்தவனை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லோரும் அன்பாகவே விசாரிப்பார்கள், அந்த அன்பைத்தான் அவனால் தாங்க முடியாது. என் ஆட்சேபமும் இங்கேதான். சந்தேகம் வருவதற்கு ஒருவனுக்குக் கொஞ்சம் தனி நேரம் வேண்டும். ஒரு மாலை முழுக்க ஆற்றங்கரையில் உட்கார்ந்து, நான் சொல்லிக்கொண்டு திரிவது உண்மைதானா என்று யோசிக்க இவர்களுடைய கால அட்டவணையில் இடம் கிடையாது. யோசித்துவிட்டு, உண்மைதான் என்று எழுந்து வருகிறவனின் நம்பிக்கை இன்னும் உறுதியாக இருக்காதா? அந்த நண்பரிடம் இதைக் கேட்டேன். "எனக்கு யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் இரண்டாம் வாரமே வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றார். அவர் இன்றும் விசுவாசி. பதில் எனக்குச் சாதகமா, அவருக்குச் சாதகமா என்று இன்னும் தெரியவில்லை.

விற்பனை பற்றி நீங்கள் கேட்டதும் நியாயமானதே. எத்தனை பேருக்குப் பாடம் சொன்னோம், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள், எத்தனை பேர் ஞாயிறு ஆராதனைக்கு வந்தார்கள் என்று கணக்கு மேலே போகிறது. கணக்கு மட்டுமே குறியாகிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்தச் சபை பார்த்திருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பேஸ்பால் ஆட வந்த சிறுவர்களை அவசர அவசரமாக முழுக்காட்டிச் சபையில் சேர்த்தார்கள். பேஸ்பால் ஞானஸ்நானம் என்று பெயரே வந்துவிட்டது. அந்தப் பையன்களில் பலர் அதற்குப் பிறகு சபைப் பக்கமே வரவில்லை.

நீங்கள் இருக்கும் நாட்டிலேயே இதற்கு எதிர் உதாரணம் உண்டு. 1901 ஆகஸ்டில் இந்தச் சபையின் முதல் மிஷனரிகள் நால்வர் யோகோஹாமாவில் இறங்கினார்கள். தலைமை தாங்கியவர் ஹீபர் கிராண்ட், இன்ஷூரன்ஸிலும் வங்கித் தொழிலிலும் கெட்டிக்காரர், பின்னாளில் சபையின் தலைவரே ஆனவர். விற்கத் தெரிந்தவர் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். ஜப்பானியப் பத்திரிகைகள் இவர்களுடைய பலதார மணத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதின. சபை 1890-லேயே அதைக் கைவிடுவதாக அறிவித்திருந்தது, ஆனால் கிராண்டுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர். மொழி அவருக்குப் பிடிபடவில்லை. 1903-இல் ஊர் திரும்பியபோது காட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. நால்வரில் இளையவர் ஆல்மா டெய்லர். வந்தபோது வயது 19, உங்கள் வீட்டில் அலமாரி தூக்கியவனின் வயது. அவர் 1910 வரை ஜப்பானில் இருந்தார். மொழியை அடிப்படையிலிருந்து படித்தார். மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்து, இகுதா சோகோ என்ற ஜப்பானிய எழுத்தாளரிடம் கொடுத்து நடையைத் திருத்தச் செய்து, 1909-இல் அச்சிட்டார். இருபதுகளை முழுக்க அதில் கரைத்தார் எனலாம். அப்படியும் கூட்டம் சேரவில்லை. 1924-இல் ஜப்பான் மிஷனை மூடச் சொன்னவர், அப்போது சபைத் தலைவராக இருந்த அதே கிராண்ட். போருக்குப் பிறகு 1948-இல்தான் மீண்டும் திறந்தார்கள்.

வியாபாரக் கண்ணால் பார்த்தால் டெய்லருடையது படுதோல்வி. ஆனாலும் எனக்கு அந்த ஆள்மேல் மரியாதை. மொழிபெயர்ப்பில் உட்காருகிறவன் கொஞ்சமாவது தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவேளை அதனால்தானோ என்னவோ.

கடைசியாகக் கதவு. திறக்கலாம். எங்களுக்கு மதம் மாறும் எண்ணம் இல்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள். சும்மா தலையாட்டிக்கொண்டு நான்கு பாடம் கேட்டுவிட்டு ஐந்தாவது வாரம் வீட்டில் இல்லாததுபோல் விளக்கை அணைத்துக்கொள்வது நம்மவர்களின் மரியாதை முறை. அவர்களுக்கு அது கொடுமை. நேரடியான மறுப்பு அவர்களுக்குப் பழக்கம். முகிச்சா வாங்கி வையுங்கள். ஊரைப் பற்றி, அம்மாவைப் பற்றிக் கேளுங்கள், அந்தக் கேள்வியை ஜப்பானில் அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் மனைவிக்கு ஜப்பானிய மொழிப் பேச்சுப் பழக்கம் வேண்டுமானால் அதற்கும் ஆவார்கள். தொலைபேசி எண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்த இருவரும் மாற்றலாகிப் போனாலும் எண் அந்தப் பகுதியின் பதிவேட்டிலேயே இருக்கும். புதிதாக வருகிற இருவர் ஒரு சனிக்கிழமை உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள், அலமாரியையோ வேறெதையாவதோ நகர்த்த வேண்டுமா என்று.

அன்புடன்