உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கேள்வி: பத்து மாதக் குழந்தைக்கு விலங்குப் படப் புத்தகம் வாங்கினோம். மூன்றே நாளில் நார் நாராகக் கிழித்துவிட்டான். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவனுக்குப் புரியவைக்க எதுவும் இல்லை. கெட்டி அட்டைப் புத்தகமாக வாங்குங்கள்.

கேள்வி: காய், பழம், பறவை, பூச்சி என்று பத்துப் புத்தகம் கொண்ட செட்டை ஆன்லைனில் வாங்கினேன். படத்தில் பெரிதாகத் தெரிந்தது, வந்ததோ உள்ளங்கை அளவு. இது மோசடிதானே?

பதில்: அளவு சென்டிமீட்டரில் போட்டிருந்தது, கவனிக்கவில்லை என்று கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எப்படி மோசடி? இப்படி ஒரு செட்டை நானும் வாங்கியிருக்கிறேன். பறவைகள் புத்தகத்தில் இருந்த அதே கிளி வண்ணங்கள் புத்தகத்திலும் காடு புத்தகத்திலும் தலையை அதே பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பத்துக்குக் காசு கொடுத்து, மூன்று புத்தகத்துக்கான படம்தான் கிடைத்தது. அதிலிருந்து, போட்டிருக்கும் அளவை ஸ்கேல் வைத்து ஒரு தாளில் வரைந்து பார்த்த பிறகுதான் வாங்குகிறேன். உள்பக்கம் காட்டாத செட்டைத் தொடுவதே இல்லை.

கேள்வி: அமுக்கினால் விலங்குச் சத்தம் வரும் புத்தகம். பேட்டரி மூடி கழன்று கழன்று விழுகிறது. டேப் ஒட்டிக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இதைப் படித்த கையோடு புத்தகத்தைக் குழந்தையிடமிருந்து எடுத்து, அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குப் போங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூடி திருகாணி போட்டு முடுக்கியிருந்தால் மட்டுமே அந்த மாதிரிப் புத்தகம் வாங்கலாம்.

கேள்வி: உணவு பற்றிய படப் புத்தகத்தில் நிலக்கடலை மரக்கிளையில் கொத்தாகத் தொங்குகிறது. கேட்டால், "மூன்று வயசுப் பிள்ளைக்கு இது போதாதா?" என்கிறார் கடைக்காரர். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லை, பெரிதுபடுத்த வேண்டிய விஷயம்தான். எனக்கு நெடுநாளாக இருக்கும் ஆற்றாமை இது. பனிக்கரடி வாழ்வது வடதுருவப் பக்கம், பென்குயின் இயற்கையாக வாழ்வது ஏறக்குறைய முழுக்கத் தென்பாதி உலகத்தில், இரண்டும் ஒரே பனிக்கட்டியில் கைகோத்து நிற்கிற பக்கத்தை எத்தனை புத்தகத்தில் பார்த்துவிட்டேன். சிலந்திக்கு எட்டுக் கால், வரைவது ஆறு. எறும்புக்கு ஆறு, வரைவது நாலு. இப்போது கணினியே வரைந்து தள்ளும் படங்கள் வேறு, பூனையின் முன்காலை எண்ணினால் மூன்று வருகிறது. மூன்று வயதுப் பிள்ளைதான் ஒவ்வொரு காலாக விரல் வைத்து எண்ணும், நாம் எண்ண மாட்டோம். கடலைச் செடியில் மஞ்சள் பூ பூத்து, அதிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போய்க் காய்க்கிறது. அப்படியே வரைந்தால் பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கும், அந்த ஆச்சரியத்தைத்தான் அந்தப் புத்தகம் பறித்துவிட்டது. திருப்பிக் கொடுங்கள், பதிப்பகத்துக்கும் எழுதுங்கள்.

கேள்வி: பாதி விலை என்று வாங்கிய புத்தகம் கலர் ஜெராக்ஸாக வந்தது. எழுத்து கலங்கியிருக்கிறது, நடுவில் நாலு பக்கம் இல்லை. "உறையைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். மகள் அழுதுவிட்டாள்.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பிரிக்காமல் யாருக்குத் தெரியும்? கலங்கிய பக்கம், பக்க எண் தாவும் இடம், உறை மேல் ஒட்டிய சீட்டு மூன்றையும் படம் எடுங்கள். விற்றவரிடம் வாதாடி நேரத்தை விடாமல், விற்பனைத் தளத்திடம் "இது போலிப் பிரதி" என்றே புகார் கொடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் சொல்லுங்கள். அசல் பதிப்பகத்துக்கும் எழுதுங்கள், திருட்டுப்பிரதியால் அவர்களுக்கும்தான் நஷ்டம். எல்லாம் முடியும்வரை புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

கேள்வி: ஒரே யானைப் புத்தகத்தையே தினமும் கேட்கிறாள். புதிது வாங்கலாமா?

பதில்: வேண்டாம். யானையையே படியுங்கள்.