வீட்டில் கேட்கும் பேஸ் மேடையில் ஏன் காணாமல் போகிறது?

கேள்வி: அண்ணா, வணக்கம். வியாசர்பாடியில் இருக்கிறேன். ஞாயிறு காலையில் சர்ச்சிலும் மற்ற நாட்களில் கானா கச்சேரிகளிலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் ஆட்டத்தை மின்சாரமாக்கும், ஒற்றைக் கம்பிச்சுருள் காந்தம்) வைத்த ஜாஸ் பேஸ் மாடல். வீட்டில் இரண்டு பிக்கப்பின் வால்யூமையும் முழுசாகத் திறந்து வாசித்தால் அருமையாக இருக்கிறது. மேடையில் டோலக்கும் கீபோர்டும் சேர்ந்ததும் பேஸ் இருக்கிற இடமே தெரிவதில்லை. ஒரு பிக்கப்பைக் குறைத்தால் இரைச்சல் வருகிறது. இதை விற்றுவிட்டு, இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸ் வாங்கிவிடலாமா?

பதில்: தம்பி, விற்கிற யோசனையை அடுத்த கச்சேரி வரைக்கும் தள்ளிப்போடுங்கள். காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இரண்டு வால்யூமும் முழுசாகத் திறந்திருப்பதுதான் சிக்கல்.

ஈ ஸ்ட்ரிங்கைத் தட்டினால் அது அடி ஸ்வரமான 41 ஹெர்ட்ஸில் மட்டும் ஆடுவதில்லை. பாதியாக, மூன்றாக, நாலாகப் பிரிந்து 82, 124, 165 ஹெர்ட்ஸ் என்று மேல் ஸ்வரங்களாகவும் அதே நேரத்தில் ஆடுகிறது. பிக்கப்புக்கு முழு ஸ்ட்ரிங்கும் தெரியாது. தனக்கு நேர் மேலே இருக்கிற துண்டு எப்படி ஆடுகிறதோ அதை மட்டும்தான் அது எடுத்துக்கொடுக்கும். பிரிட்ஜை, அதாவது ஸ்ட்ரிங் கிட்டாரின் உடம்புப் பக்கம் முடிகிற இடத்தை, ஒட்டி ஸ்ட்ரிங் அகலமாக ஆட முடியாது. அதனால் அந்தப் பக்கத்துப் பிக்கப்பில் அடி ஸ்வரம் மெலிந்து, மேல் ஸ்வரங்கள் தூக்கலாக, சற்று மூக்கடைத்த குரல்போல வரும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் பாடுகிற மாதிரியான பேஸ் ஒலிக்கு அந்தப் பிக்கப்தான் ஆதாரம். நெக் (கழுத்து) பக்கத்துப் பிக்கப்பில் சத்தம் தடிமனாக, உருண்டையாக வரும்.

இரண்டையும் சேர்த்தால் இரண்டின் நல்லதும் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒரு நீளக் கயிற்றை இரண்டு பேர் பிடித்து ஆட்டும்போது, ஓர் இடம் மேலே எழும்புகிற நேரத்தில் இன்னோர் இடம் கீழே இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மிட் எனும் நடு ஒலிப் பகுதியின் சில மேல் ஸ்வரங்கள் இரண்டு பிக்கப்புக்கும் அப்படித்தான் எதிரெதிராகப் போய்ச் சேர்கின்றன. கூட்டும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். அடி ஸ்வரம் இரண்டு இடத்திலும் ஒரே திசையில் ஆடுவதால் தப்பிக்கும். ஆக, கீழும் மேலும் நிற்க, நடுவில் குழி விழுகிறது. தனியாக வாசிக்கும்போது அந்தக் குழி சுத்தமாக, பளிச்சென்று இருப்பதாகக் காது ஏமாறும்.

மேடைக்கு வாருங்கள். தெரு முனையில் கட்டுகிற பாக்ஸ்கள் பலவற்றில் 41 ஹெர்ட்ஸ் ஒழுங்காக வராது. கீழ்ப்பகுதியை டோலக்கின் இடது பக்கத் தோல் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும். ஜனங்களின் காது உங்கள் ஸ்வரத்தைத் தேடுவது மிட்டில்தான். அதைத்தான் நீங்கள் பறிகொடுத்திருக்கிறீர்கள். காசிமேட்டில் ஒரு திருவிழா மேடையில் எனக்கும் இதே கதை நடந்தது. ஆம்பை ஏற்றிக்கொண்டே போனேன். பலகை அதிர்ந்தது, ஸ்வரம் மட்டும் வெளியே வரவில்லை. பிரிட்ஜ் பிக்கப்பின் வால்யூமைக் கால்வாசி இறக்கியதும் கீபோர்ட் வாசித்தவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

நீங்களும் அதையே செய்யுங்கள். நெக் வால்யூம் முழுசு, பிரிட்ஜ் முக்கால். அந்தச் சின்ன வித்தியாசமே மிட்டைத் திரும்பக் கொண்டுவரும். போதவில்லை என்றால் பிரிட்ஜை முழுசாக மூடிப் பாருங்கள். கானாவுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். சர்ச்சில் பியானோவும் குரலும் மட்டும் இருக்கிற பாட்டுக்கு இரண்டையும் திறந்தே வையுங்கள், அங்கே அந்தக் குழி அழகு.

அப்புறம் இரைச்சல். ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பின் காயில் சுற்றிய திசையும் காந்த முனையும் பொதுவாக மற்றதற்கு நேர் எதிராக இருக்கும். வெளியிலிருந்து வருகிற கரண்ட் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக ஏறி அழிந்துவிடும். ஒன்றைக் குறைத்ததும் அந்தச் சமநிலை போய்விடுகிறது. நின்ற இடத்திலேயே திரும்பிப் பாருங்கள். இரைச்சல் கூடிக் குறைந்தால் அது சிங்கிள் காயிலின் சுபாவம். டிரான்ஸ்ஃபார்மரையும் சீரியல் செட்டையும் விட்டு நாலடி தள்ளி நின்றாலே பாதி அடங்கும். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் அடங்குகிற கிர்ர் சத்தம் வேறு. அதற்குக் கிட்டாரின் உள்குழியில் செப்பு டேப் ஒட்டி எர்த்தோடு இணைக்கலாம், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவில் டேப் கேட்டுப் பாருங்கள். ஆனால் மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று அடித்தால் உடனே வாசிப்பதை நிறுத்திவிடுங்கள். அது பிக்கப் கோளாறு இல்லை, மேடை வயரிங்கின் கோளாறு. எலக்ட்ரீசியன் பார்க்கும் வரை கிட்டாரைத் தொட வேண்டாம்.

சரி, பிரிசிஷன்? 1951-இல் வந்தபோது அதிலும் ஒரே சிங்கிள் காயில்தான். 1957-இல் அதை இரண்டு துண்டாக்கினார்கள். தடித்த இரண்டு ஸ்ட்ரிங்குக்கு ஒன்று, மெல்லிய இரண்டுக்கு ஒன்று. இரண்டும் எதிர் எதிராகச் சுற்றியவை என்பதால் இரைச்சல் எப்போதும் அடங்கியே இருக்கும். ஒரு ஸ்ட்ரிங்குக்கு ஒரே காயில் என்பதால் மிட்டும் தொலையாது. நெரிசலான மேடையில் அது நிற்பதற்குக் காரணம் இதுதான். பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் அதில் ஃபிளாட்வவுண்ட் (மேலே தட்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங் போட்டு வாசித்ததைக் கேட்டால் புரியும். ஒரே குறை, வேறு குரல் வேண்டுமென்றால் டோன் குமிழும் உங்கள் விரலும்தான் துணை.

பிரிசிஷன், ஜாஸ் இரண்டின் பிக்கப்பும் சேர்ந்த பி-ஜே மாடலை யாராவது சிபாரிசு செய்வார்கள். அதன் ஜே பிக்கப் சிங்கிள் காயிலாக இருந்தால் அதைத் திறந்ததும் இரைச்சல் வரும், ஏனென்றால் பி தன் இரைச்சலைத் தானே அழித்துக்கொள்கிறது, ஜே-க்கு ஜோடி கிடையாது.

விற்பதைவிட மலிவான வழியும் உண்டு. ஜாஸ் பிக்கப் அளவிலேயே உள்ளே இரட்டைக் காயில் வைத்தவை கிடைக்கின்றன. மாற்றினால் எந்த வால்யூமைக் குறைத்தாலும் இரைச்சல் வராது.

அதற்கும் முன்னால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் பிக்கப்புகளின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். கடைசி ஃபிரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே தடித்த பக்கம் 3 மி.மீ., மெல்லிய பக்கம் 2.5 மி.மீ. அளவில் தொடங்குங்கள். இன்னும் நெருக்கினால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து சுருதியையே கலைக்கும். பிரிட்ஜ் பிக்கப்பைக் கொஞ்சம் ஏற்றி, நெக் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கி, இரண்டும் தனித்தனியே ஒரே அளவு சத்தம் தருகிறதா என்று கேட்ட பிறகு அந்த முக்கால் கணக்கைப் பாருங்கள்.