ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் பேச்சு வரல, தேவாரம் மட்டும் வருது, அப்பா நடிக்கிறாரா?

நடிக்கல. ஒரு வார்த்தை பேச முடியாதவர் தேவாரத்தை தடுமாறாம பாடுறது ஸ்ட்ரோக் வந்தவங்ககிட்ட நிறைய பாக்குற விஷயம்தான், உங்க மாமா சொல்ற பிடிவாதம் எல்லாம் இல்ல.

வலது கை விழுந்துடுச்சுன்னு எழுதியிருக்கீங்க, அப்போ அடி இடது மூளையிலதான். பெரும்பாலானவங்களுக்கு பேச்சை கோத்து வெளிய அனுப்புற புரோக்கா பகுதியும் அங்கதான், இடது நெற்றிப் பக்கம். 1861-ல பால் புரோக்கான்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் பாத்த பேஷண்டுக்கு 'டான்'ங்கிற ஒரே சத்தம்தான் வருமாம், ஆனா மத்தவங்க சொல்றது புரியும். ராகம், மனப்பாடமா பதிஞ்சது இதுக்கெல்லாம் வலது மூளையும் கை கொடுக்குது, அதனால பாட்டு தப்பிச்சிடுது. தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் கூட்டிட்டுப் போனா 'வேல் வேல்'னு கத்தினாலும் கத்துவாரு, ஏன் கெட்ட வார்த்தை கூட சரளமா வரலாம், கோவிச்சுக்காதீங்க.

ஒண்ணு செஞ்சு பாருங்க. சைகை காட்டாம வாயால மட்டும் 'ஜன்னலை காட்டிட்டு கண்ணை மூடுங்கப்பா'ன்னு சொல்லுங்க. செஞ்சாருன்னா புரியுது, பேச்சுதான் மாட்டிக்கிச்சு. புரியாம முழிச்சாருன்னா, காதுக்கு மேல பின்பக்கம் இருக்கிற, பேச்சைப் புரிஞ்சுக்க உதவுற வெர்னிக்கே பகுதியும் பாதிச்சிருக்கலாம், ஆனா காது மந்தமான்னும் பாத்துக்குங்க.

அடுத்த அப்பாயிண்ட்மெண்ட்ல ஸ்பீச் தெரபிக்கு எழுதித் தரச் சொல்லுங்க. 'தண்ணி வேணும்'னு ராகமா இழுத்து, இடது கையால தட்ட வச்சே சொல்லிக் குடுக்கிற முறை இருக்கு, எல்லாருக்கும் பலிக்காது.

திடீர்னு வாய் கோணினாலோ பேச்சு இன்னும் மோசமானாலோ டெஸ்ட் எல்லாம் வேணாம், நேரா மலேசிய அவசர எண் 999-க்கு போன் பண்ணுங்க.