பெனலோப்பி ஏன் தயங்கினாள்?

கேள்வி: கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர் ஒன்பது மாதம் கழித்து வீடு வந்திருக்கிறார். நாளெண்ணிக் காத்திருந்தேன், வந்த பிறகோ பேச்சே எழவில்லை. யாரோ விருந்தாளி போலத் தெரிகிறார். நான்கு நாளாகியும் அவர் பெட்டி பிரிக்காமல் கூடத்தில் கிடக்கிறது. போருக்குப் போன கிரேக்க மன்னன் யுலிஸ்ஸே நாடு திரும்பும் கதையைச் சொல்லும், இத்தாலிய இசையமைப்பாளர் மான்டெவெர்டியின் ஓப்பராவை (பாட்டாகவே நடக்கும் நாடகம்) வீடியோவில் பார்த்தேன். அதில் அவன் மனைவி பெனலோப்பியும் வந்து நிற்கும் கணவனை ஏற்க மறுக்கிறாள். என் மனமும் கல்லாகிவிட்டதா?

பதில்: இல்லை, சகோதரி. நீங்கள் பார்த்த ஓப்பராவே அதற்குச் சாட்சி.

1640இல் வெனிஸில் அது மேடையேறியபோது மான்டெவெர்டி 70 வயதைக் கடந்தவர். பிரிவு ஒரு பெண்ணின் குரலை என்ன செய்யும் என்று அந்த முதியவருக்குத் தெரிந்திருக்கிறது. தேவர்களும் பணிப்பெண்ணும் மணம் கேட்டு வந்தவர்களும் தாராளமாகப் பாடுகிறார்கள். பெனலோப்பி மட்டும் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நிற்கிறாள். ‘திரும்பி வா’ என்று இறைஞ்சும்போதுகூட ராகம் விரிவதில்லை. 20 ஆண்டுகள் தனியாக ஒரு வீட்டைக் கட்டிக்காத்தவளின் தொண்டை அப்படித்தான் இறுகும்.

வந்திருப்பது யுலிஸ்ஸேதான் என்று மகன் சொல்கிறான், பன்றி மேய்ப்பவர் சொல்கிறார், கணவனே எதிரில் நிற்கிறான். அவள் அசையவில்லை, மாயக்காரனாக இருப்பானோ என்று அஞ்சுகிறாள். அவன் உடலில் பழைய தழும்பைக் கண்டேன் என்று செவிலித்தாய் சொல்லியும் தயக்கம் தீரவில்லை. எனக்கு அவள்மேல் பெரும் மரியாதை எழும் இடம் இது. கடைசியில் அவன், அவள் தன் கையாலேயே நெய்த பட்டுப் படுக்கைவிரிப்பைப் பற்றிச் சொல்கிறான். அதில் டயானா தேவியும் அவள் தோழியரும் இருப்பது அவன் மட்டுமே அறிந்தது. அதைக் கேட்ட பிறகுதான் பெனலோப்பி வாய்விட்டுப் பாடுகிறாள். அந்தப் பகுதியை இன்னொரு முறை கேளுங்கள்.

நீங்களும் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் என்று பேச்சைத் தொடங்க வேண்டாம். உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றை எடுங்கள். “எனக்குப் பழகக் கொஞ்சம் நாளாகும்” என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். மறைத்தால் வெறுப்பென்று எண்ணிக்கொள்வார். பார்க்க வரும் உறவினர்களை அடுத்த வாரம் வரச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்று இரவு பிள்ளைகள் தூங்கியதும், கூடத்தில் கிடக்கும் அந்தப் பெட்டியை இருவருமாகத் திறந்து பிரித்து வையுங்கள்.