மண்வள அட்டை சரி, மண் சரியா?

கேள்வி: ராணிப்பேட்டைப் பக்கம் ஒன்றேகால் ஏக்கரில் கீரை, முள்ளங்கி, கேழ்வரகு போடுகிறோம். கிட்டத்திலேயே தோல் கம்பெனிகள். மழைக்காலம் முடிந்ததும் கிணற்றுத் தண்ணீர் லேசாக மஞ்சளாகிவிடுகிறது. மண்ணைச் சோதித்தோம், மண்வள அட்டையில் எல்லாம் நல்லபடியாகத்தான் வந்தது. வீட்டுக்காரருக்குக் காலில் ஆறாத புண், சேற்றுப்புண் என்கிறார்கள். எங்கள் கீரையை நாங்கள் சாப்பிடலாமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: அந்த அட்டையை எடுத்து ஒருமுறை பாருங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பு, கரிமச்சத்து என்று மொத்தம் 12 வரி. தோல் பதனிடப் புழங்கும் உலோகமான குரோமியம் எங்கே? ஈயம், காட்மியம்? கிடையாது. எந்த உரம் எவ்வளவு போடலாம் என்று சொல்ல வந்த அட்டை அது, விஷத்தைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவே இல்லை.

எனக்குக் கவலை கீரையைவிடக் கிணறுதான். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். இரும்பால் வந்த மஞ்சள் என்றால் பெரும்பாலும் காலையில் அடியில் செம்மண் போலப் படிந்திருக்கும். படியாமல், எலுமிச்சை நிறத்தில் தெளிவாகவே நின்றால் குரோமியத்தைச் சந்தேகிக்க வேண்டும். தோல் பதனிடப் போடும் குரோமிய உப்பு (மூன்றாம் நிலைக் குரோமியம்) மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும், அவ்வளவாக நகராது. ஆனால் குரோமேட் தயாரிக்கும் ஆலைக் கழிவில் இருக்கும், விஷம் கூடிய இன்னொரு வடிவமான ஆறாம் நிலைக் குரோமியம் அப்படியில்லை, தண்ணீரில் கரைந்து, மழையோடு இறங்கி, கிணறு வரைக்கும் வந்துவிடும், உங்கள் ஊரில் 1990களில் மூடிய ஆலை ஒன்று லட்சம் டன்னுக்கு மேல் இந்தக் கழிவை விட்டுவிட்டுப் போனது தெரிந்த கதைதானே.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மஞ்சள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் அந்த எல்லையை எப்போதோ தாண்டியாயிற்று, தெரியாவிட்டாலும் சுத்தம் என்று அர்த்தமில்லை. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகத்தான் ஆகும். குடிக்க, சமைக்க இன்றைக்கே நிறுத்துங்கள், மாட்டுக்கும் காட்டாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வகத்திலோ வேறு நல்ல ஆய்வகத்திலோ ‘மொத்தக் குரோமியம், ஆறாம் நிலைக் குரோமியம் இரண்டும் வேண்டும்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள், வெறுமனே ‘தண்ணீர் டெஸ்ட்’ என்றால் உப்பும் கடினத்தன்மையும் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்காரரின் காலைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரையும் பார்க்கட்டும். ஆனால் எந்தத் தண்ணீரில் நின்று வேலை செய்கிறார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், குரோமியம் தோலில் ஆழமான, எளிதில் ஆறாத புண்ணை உண்டாக்கக்கூடியது. இனி பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம்.

சரி, கீரை. செடி எடுக்கும் குரோமியத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும், இலைக்கு ஏறுவது கொஞ்சம்தான். ஆனால் அதே தண்ணீரைத் தெளித்து, அதே சேறு ஒட்டிய கீரை என்றால் அந்தக் கணக்கு செல்லாது. முள்ளங்கியோ வேரேதான். ரிப்போர்ட் வரும்வரை இரண்டையும் சாப்பிடவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். வருமானம் போகுமே என்பீர்கள், போகும்தான். அந்த நஷ்டம் உங்கள் தலையில் விழுவது அநியாயம். கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொன்னது, அதுவும் உங்கள் வேலூர் வழக்கில்தான். சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆய்வு அறிக்கை கைக்கு வந்ததும் ஒரு நகலோடு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுங்கள்.

கேள்வி: காய்கறியை உப்பு, மஞ்சள் போட்டு அலசினால் இந்த விஷமெல்லாம் போகுமா?

பதில்: மேலே ஒட்டிய மண் போகும். உள்ளே ஏறியது போகாது. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்கள் அரிசியைக் கழுவாமலா சமைத்திருப்பார்கள்? மேலே இருந்த காமியோகா சுரங்கத்தின் காட்மியம் ஆற்று வழியாக வயலுக்கு வந்து, நெல்மணிக்குள்ளேயே போய்விட்டது. சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து, இருமினாலே ஒடியும் நிலை, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நடுவயது தாண்டிய பெண்கள். நோய்க்குப் பெயரே ‘இத்தாய் இத்தாய்’, நம் பாஷையில் ‘ஐயோ வலிக்குதே’. காரணம் காட்மியம்தான் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-ல். வயல் மண்ணைச் சீர்செய்து முடிக்க 2012 ஆகிவிட்டது.

கேள்வி: தொழு உரம் நிறையப் போட்டால் மண் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. மக்கிய உரம் ஆறாம் நிலைக் குரோமியத்தை விஷம் குறைந்த மூன்றாம் நிலைக்கு மாற்ற உதவும். ஆனால் குரோமியம் நிலத்தை விட்டு எங்கேயும் போகவில்லை. ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் இந்த மாற்றமும் கிடையாது. அப்புறம், அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் தினமும் பாய்ச்சுகிறார் என்றால் வண்டி வண்டியாகக் கொட்டினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.