பெர்லினில் ஆசிரியர் வேலை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒன்பது வருடம் பிளஸ் டூ கணக்கு எடுத்துவிட்டு 2014-இல் பெர்லின் வந்தவள் நான். இன்று இங்கே ஓர் அரசுப் பள்ளியில் அதே கணக்கை ஜெர்மனில் நடத்துகிறேன். பள்ளி வேலை, ஊரில் காலூன்றும் முதல் மாதங்கள் இரண்டையும் பற்றிக் கேளுங்கள். விசா மறுக்கப்பட்ட வழக்குகளுக்கு வக்கீலைப் பாருங்கள்.

கோவையிலிருந்து ஆங்கில ஆசிரியை: கணவர் ப்ளூ கார்டில் (பட்டம் பெற்ற வெளிநாட்டு ஊழியர்களுக்கான குடியிருப்பு அனுமதி) இருக்கிறார். அடுத்த மாதம் நானும் வருகிறேன். எங்கிருந்து தொடங்குவது அக்கா?

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. குடும்ப விசாவில் வருபவர் எந்த வேலையும் செய்யலாம், சுயதொழிலும் சேர்த்து. ப்ளூ கார்டுக்காரரின் துணை என்பதால் வருவதற்கு முன் ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் தேர்வுகூடக் கேட்க மாட்டார்கள். அந்தச் சலுகையே பலருக்குப் பின்னால் பாரமாகிவிடுகிறது. "வந்து பார்த்துக்கலாம்" என்று மொழியைத் தள்ளிப் போட்டு, இரண்டு வருடம் கழித்து என்னிடம் வந்து அழுத சகோதரிகள் உண்டு. டிக்கெட் போட்ட அன்றே ஜெர்மன் வகுப்பிலும் சேருங்கள்.

வந்ததும் முதல் வேலை ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடியேறி இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டும். வரி எண் அந்தப் பதிவுக்குப் பிறகுதான் தபாலில் வரும். வரி எண் இல்லாமல் ஒழுங்காகச் சம்பளம் போட மாட்டார்கள். ஆகவே வீடு பேசும்போதே "ஆன்மெல்டுங் செய்யலாமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பள்ளி வேலைக்கென்று தனியாக இரண்டு தாள்கள் உண்டு. ஒன்று, குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கான விரிவான நன்னடத்தைச் சான்று. மற்றது தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று. 1970-க்குப் பின் பிறந்தவர்கள் அது இல்லாமல் பள்ளியில் வேலைக்குச் சேர முடியாது. 2020 மார்ச்சிலிருந்து இதுதான் சட்டம். நம் சிறுவயதுத் தடுப்பூசி அட்டை வீட்டுப் பரணில் கிடக்கிறதா என்று அம்மாவைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் இங்கே ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டலாம், அல்லது ஊசி போட்டுக்கொள்ளலாம்.

பெங்களூரிலிருந்து: வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் பான் நகரத்து ஸாப் அலுவலகத்தில் 208 யூரோ கட்டி என் எம்.எஸ்ஸி. பட்டத்துக்கு ஒப்பீட்டுச் சான்று வாங்கிவிட்டேன். பள்ளிகளுக்கு நேராக விண்ணப்பிக்கலாமா?

அரசுப் பள்ளிக்கு அது போதாது. அந்தச் சான்று உங்கள் பட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிறது. நீங்கள் ஆசிரியரா என்று அது சொல்லாது. ஆசிரியர் தொழில் இங்கே 16 மாநிலங்களின் கையில் இருக்கிறது. பெர்லினில் கல்வித்துறையிடம் தனியாக அங்கீகாரம் கேட்க வேண்டும்.

ஓசூரிலிருந்து: இணையத்தில் பார்த்த வீட்டுக்கு முன்பணம் கேட்கிறார்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், சாவியைக் கூரியரில் அனுப்புவாராம்.

அனுப்பாதீர்கள். நீங்களோ உங்கள் ஆளோ நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். முன்பணம் அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும், அதை மூன்று தவணையாகக் கட்டலாம் என்பதும் சட்டம்.

சென்னையிலிருந்து: வேலை தேடி வருபவர்களுக்கான ஷான்சென்கார்ட்டில் வந்து, வேலை கிடைக்கும்வரை மொழிப்பள்ளிகளில் மணிக்கணக்கில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

தம்பி, இதைக் கவனமாகப் படியுங்கள். 2024 ஜூனில் வந்த அந்த அட்டை வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்க விடுகிறது. வேலை என்றால் ஒரு நிறுவனத்தில் ஊழியராக. மொழிப்பள்ளிகள் பெரும்பாலும் தருவது ஹோனொரார் ஒப்பந்தம். அது சுயதொழில், அட்டைக்குள் வராது. கையெழுத்துப் போடும் முன் "இது ஊழியர் ஒப்பந்தமா?" என்று கேளுங்கள்.

சுயதொழில் அனுமதி உள்ளவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. சுயமாகப் பாடம் நடத்துபவர், கீழே ஊழியர் யாரும் இல்லையென்றால், அரசு ஓய்வூதியக் காப்பீட்டில் கட்டாயம் சேர வேண்டும். சிறு வருமானத்துக்கு மட்டும் விலக்கு. வருமானத்தில் 18.6 சதவீதம் முழுக்க உங்கள் பையிலிருந்து போகும். தெரியாது என்று சொன்னால் விட மாட்டார்கள், பழைய வருடங்களுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். என் தோழி ஒருத்தி டியூஷனும் மாலை வகுப்பும் எடுத்துச் சேர்த்ததில் பெரும்பகுதியை அப்படித்தான் கட்டினாள். மணிக்கு இத்தனை யூரோ என்றதும் கணக்குப் போட்டு மகிழாதீர்கள். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வரி மூன்றையும் கழித்துவிட்டுப் பாருங்கள்.

நொய்க்யோல்னிலிருந்து ஓர் ஈழத்து அண்ணா: நான் 85-இல கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில இறங்கி, ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸை எல்லை ஸ்டேஷனால மேற்கு பெர்லினுக்கு வந்தனான். இஞ்ச பிறந்த மகள் டீச்சரா வர விரும்புறா. அவவுக்கும் இதெல்லாம் வேணுமோ?

வேண்டாம் அண்ணா. இங்கேயே பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் படிப்பு, பிறகு 18 மாதப் பள்ளிப் பயிற்சி. மகளுக்கு என் வாழ்த்து. உங்கள் தலைமுறை வந்து நின்ற நிலையை நினைத்தால், அந்தப் பிள்ளை கரும்பலகைக்கு முன்னால் நிற்பது எனக்கே பெருமை.

ஸ்பாண்டாவ்வில் வசிக்கும் இயற்பியல் ஆசிரியர்: 11 வருடம் பிளஸ் டூ நடத்தியவன். பி.எட். இருக்கிறது. "உங்களுக்கு ஒரு பாடம்தான், இரண்டாவது பாடம் இல்லை" என்று கல்வித்துறையிடமிருந்து பதில் வந்திருக்கிறது. ஆசிரியர் பற்றாக்குறை என்று ஊரே கூவுகிறது, என்னை அரை ஆசிரியர் என்கிறார்கள். இது அவமானம் இல்லையா?

வலிக்கும். எனக்கும் அதே கடிதம் வந்தது. சமையலறையில் நின்றபடியே மூன்று முறை படித்தேன்.

ஆனால் அதில் உள்ளதை அவமானமாகப் படித்தால் அடுத்த படி கண்ணுக்குத் தெரியாது. இங்கே ஆசிரியர் என்றாலே வழக்கமாக இரண்டு பாடம். நம் ஊரில் எம்.எஸ்ஸி. ஒரு பாடம், அதன் மேல் பி.எட். இரண்டு அமைப்பையும் பக்கத்தில் வைத்தால் ஒரு பக்கம் காலியாகத்தான் தெரியும். உங்கள் 11 வருடத்தை அந்தக் கடிதம் எடைபோடவில்லை. குறைகளை நிரப்பப் பயிற்சிக் காலம் என்ற வழி உண்டு, அனுபவத்தைக் காட்ட வேண்டிய இடம் அதுதான்.

அவரே மீண்டும்: அமைப்பு தவறென்றால் தவறு என்று சொல்லுங்கள். ஏன் அவர்களுக்காகப் பேசுகிறீர்கள்?

சொல்கிறேன். ஒரு பாடத்தை ஆழமாகத் தெரிந்தவரை இரண்டாவது பாடத்துக்காக வெளியே நிறுத்துவது தவறு. மாநிலக் கல்வி அமைச்சர்களின் கூட்டமைப்பே 2024-இல் ஒரு பாட ஆசிரியர்களுக்கு வழிவிடலாம் என்றது. மாநிலங்கள் வேறு வேறு வேகத்தில் நகர்கின்றன. பக்கத்து மாநிலமான பிராண்டன்பர்க்கிலும் கேட்டுப் பாருங்கள்.

ஷார்லோட்டன்பர்க்கிலிருந்து ஒருவர் குறுக்கே: சார், சர்வதேசப் பள்ளியில் சேருங்கள். பெர்லினில் ஆங்கிலமே போதும். இந்த அங்கீகாரமெல்லாம் வீண் அலைச்சல்.

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சர்வதேசப் பள்ளி நல்ல வழிதான், ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம் நடத்தியவர்களுக்கு இன்னும் நல்லது. ஆனால் இடங்கள் கொஞ்சம், உலகம் முழுவதிலிருந்தும் போட்டி. பல பள்ளிகள் அடுத்த கல்வியாண்டுக்கான ஆட்களை வசந்தத்துக்குள் எடுத்துவிடுகின்றன. தனியார் பள்ளி அரசுப் பள்ளிக்கு ஈடாக அங்கீகரிக்கப்பட்டது என்றால், அங்கே பாடம் நடத்தவும் கல்வித்துறையின் ஒப்புதல் வேண்டும். காபிக் கடைக்கு ஆங்கிலம் போதும். பெற்றோர் கூட்டத்துக்கு, ஆசிரியர் அறைக்கு, அழும் ஏழாம் வகுப்புப் பையனுக்குப் போதாது.

இயற்பியல் ஆசிரியர்: ஜெர்மனில் பி2 என்ற இடைநிலை முடித்திருக்கிறேன். இந்த வயதில் அதற்கு அடுத்த சி1 எல்லாம் நடக்கிற காரியமா?

நான் சி1 எழுதியபோது எனக்கு 38. பி2 முடித்தவர் பாதி மலை ஏறியவர். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பெர்லின் பள்ளிகளிடம் தற்காலிக மாற்று ஆசிரியர்களைத் தாங்களே எடுக்க ஒரு தனி நிதி உண்டு, பிகேபி என்பார்கள். இயற்பியலுக்கு ஆள் கிடைப்பது அரிது. தலைமை ஆசிரியருக்கு நேராக எழுதுங்கள், ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். "வேகம்" என்பதற்கும் "திசைவேகம்" என்பதற்கும் அன்றாட ஜெர்மனில் ஒரே சொல்தான் புழங்குகிறது. அந்த இடத்தில் பிள்ளைகள் குழம்புவதை ஒரு முறை பார்த்தால், நீங்கள் எந்த ஜெர்மன் படிக்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

சேலத்திலிருந்து: ஸாப் சான்று இருந்தால் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாமா?

மேலே பாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: ஸாப் சான்றோடு...

போதாது. மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

மதுரையிலிருந்து: நண்பரின் நண்பர் வீடு தருகிறார், ஆனால் ஆன்மெல்டுங் கிடையாது என்கிறார். வாடகை குறைவு.

வேண்டாம். முகவரி இல்லாதவருக்கு இந்த ஊரில் எதுவும் நகராது. பார்க்காமல் பணமும் அனுப்பாதீர்கள்.

இயற்பியல் ஆசிரியர்: சரி டீச்சர். பயிற்சிக் காலத்துக்கு விண்ணப்பிக்கிறேன். ஊருக்குப் போகும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பட்டத்தின் நகல் மட்டும் போதாது. நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டம், தாள்வாரியாக, பல்கலைக்கழக முத்திரையோடு வேண்டும். பி.எஸ்ஸி.யில் துணைப்பாடமாகக் கணிதம் படித்தீர்களா? அந்தத் தாள்களைத் தனியாகக் குறித்து வாங்குங்கள், இரண்டாவது பாடத்துக்கு அதைவைத்துத்தான் பேச வேண்டும். கற்பித்தல் பயிற்சி எத்தனை வாரம் என்று பி.எட். கல்லூரியிடம் கடிதம் வாங்குங்கள். பள்ளியின் அனுபவச் சான்றில் எந்த வகுப்பு, வாரம் எத்தனை பீரியட் என்று இருக்கட்டும். மொழிபெயர்ப்பை இங்கே நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்தவரிடம் கொடுங்கள். முத்திரை வாங்க நாள் பிடிக்கும், ஊருக்குப் போன முதல் நாளே பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.